எல்லாம் ஒரிஜினல்

வாசித்தவர் போய்ச் சேர்ந்த மறுமாதமே அந்த எலக்ட்ரிக் கிட்டார் பழைய சாமான் கடைக்கு விலைக்கு வந்துவிட்டது. வந்த இடத்திலும் அதற்குத் தலைக்கனம் குறையவில்லை. நாற்பது வருஷம் ஒரே கை உரசி உரசி, உடம்பில் ஓரிடத்தில் சாயம் போயிருந்தது. அதற்கே தனி விலை கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தது.

கடைக்காரர் ஜெரால்டு முதலில் அதைத்தான் பார்த்தார். "பெயின்ட் போச்சு. பாதி விலைகூடத் தேறாது."

கிட்டாருக்குச் சுருக்கென்றது. ஆனால் பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பிக்கப் ஒரிஜினல். முறுக்காணி ஒரிஜினல். அட, ஸ்விட்சுகூட ஒரிஜினல்!"

மூலையில் நின்ற ஆம்ப்ளிஃபயரிடம் கிட்டார் பெருமையடித்தது. "கேட்டீங்களா அண்ணே? என்கிட்ட எல்லாமே ஒரிஜினலாம்!"

"என்னையும் அப்படித்தான் சொன்னார், தம்பி."

"அப்புறம் ஏன் இன்னும் விலை போகாம நிக்கிறீங்க?"

"யார் சொன்னது? நான் எப்பவோ போயாச்சு. ஸ்பீக்கர் ஒருத்தர் வீட்டுக்கு, வால்வு நாலும் நாலு ஊருக்கு. பிரிச்சு வித்தாத்தான் லாபமாம். இங்க நிக்கிறது வெறும் பெட்டி."

ஜெரால்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கிட்டாருக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவர் தந்திகளை வெட்டிச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். அவை மட்டும்தான் ஒரிஜினல் இல்லை.