கராஜில் இருந்த கறுப்புப் பெட்டி

"துவக்கு வைச்சிருக்கிற வீட்டுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்! எழுதி வைச்சுக்கொள்ளும்!"

சிசிலியின் குரல் மூன்றாம் மாடியிலிருந்து இரும்புப் படி வழியே இறங்கித் தெருவுக்கு வந்தது. மொன்றியலில் ஏப்ரல் குளிர் இன்னும் விடவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலும் சன்னல் சாத்தியிருக்கவில்லை. நாங்கள் காற்றோட்டத்தை விரும்புகிற ஆட்கள்.

அவளுக்கு எதிரே நின்றவன் டனிஸ்ரன். நாலு வருடமாக நகரசபை உறுப்பினர், வருகிற திங்கட்கிழமை ஒட்டாவாப் பாராளுமன்றத்துக்கான தேர்தலில் வேட்பாளர், சிசிலியின் மகள் ஜென்சிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. முந்தாநாள் வரைக்கும் பூசை முடிந்து வெளியே வருகிற எல்லோரையும் மறித்து, "எங்கடை மருமோன் ஒட்டாவா போறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான் சிசிலி.

நேற்று அவள் பின்பல்கனியில் உடுப்புக் காயப்போட்டாள். உடுப்பு நாலு. நின்றது முக்கால் மணித்தியாலம். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் டனிஸ்ரன் தன் வாடகை வீட்டுக் கராஜைத் திறந்து, நீளமான கறுப்புப் பெட்டியொன்றைத் தூக்கி, திறந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினான். உள்ளே இருந்தது துப்பாக்கிதான் என்று, சண்டைக்குள்ளால் மன்னாரிலிருந்து ஓடிவந்தவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"தம்பி, உம்மடை நோட்டீஸில என்ன கிடக்கு? கைத்துப்பாக்கிக்கு முழுத்தடை கேட்டு நகரசபையில தீர்மானம் கொண்டு வந்தவர் எண்டு கிடக்கு. உம்மடை கராஜில என்ன கிடக்கு?"

"கொண்டு வந்தனான்தான், அன்ரி. இப்பவும் கேக்கிறன். ஆனா வேட்டைக்காரர் லைசென்ஸ் எடுத்து, பூட்டி வைச்சா, அவையை விடுங்கோ எண்டும் சொன்னனான். அதுவும் அதே நோட்டீஸில கிடக்கு."

"ஆர் வேட்டைக்காரன்? எங்கடை சனத்தில ஆர் வேட்டைக்குப் போறது?"

"விடும் சிசிலி," என்றார் சாப்பாட்டு மேசையில் இருந்த அவள் கணவர் அருமைநாதன். "பெடியன் சொல்லுறதிலயும் ஒரு நியாயம் கிடக்கு."

"நீங்கள் சும்மா இருங்கோ! எறும்பைக் கண்டாலும் சுத்திப் போற மனிசன். உங்களுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்?"

அருமைநாதன் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"லைசென்ஸ் என்னட்டையும் இருக்கு, அன்ரி," என்றான் டனிஸ்ரன். "சட்டம் கதைக்கிறவனுக்குச் சாமான் தெரிய வேணுமெண்டு கோர்ஸ் எடுத்தனான். ஆனா அந்தத் துவக்கு என்ரை இல்லை."

"பின்னை ஆற்றை துவக்கு?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "ஒருத்தர் வைச்சிருக்கச் சொன்னவர். பேர் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

"கேட்டியளே! ஒட்டாவா போகமுதலே பொய் பழகியிட்டார்!"

"மே வ்வயோன், அம்மா! என்ன கதை இது!" என்று கத்தினாள் ஜென்சி. கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் முன்னுக்கு வரும்.

சிசிலி நேரே அடுப்படிக்குப் போனாள். மாப்பிள்ளைக்கென்று காய்ச்சிய இறைச்சிக்கறி அங்கே கொதித்துக்கொண்டிருந்தது. அருமைநாதன் ஒவ்வொரு ஒக்ரோபரும் வேலையிடத்துப் பிரெஞ்சுக்காரரோடு வடக்கே ஒரு தியான இல்லத்துக்குப் போய் ஒரு கிழமை செபம் செய்துவிட்டு வருவார். வரும்போது அங்கத்தைய பண்ணை மாட்டிறைச்சி பெட்டி நிறைய வரும். அந்த ருசி ஜான்-டலோன் சந்தை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பது சிசிலியின் பெருமை. அவள் அடுப்பை அணைத்துச் சட்டியை மூடினாள். டனிஸ்ரன் வெறும் வயிற்றோடு படியிறங்கினான்.

பிறகு அவள் தொலைபேசியை எடுத்தாள். ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் கீழ்மாடித் திரேசம்மாவுக்குச் சொன்னாள். பின்னேரம் அந்தத் துவக்கு ஏழு துவக்காகி, வேறொருவர் வாயால் அவளிடமே திரும்பி வந்தது. "ஐயோ, ஏழோ!" என்று நெஞ்சில் கைவைத்தவள், அதையும் நாலு பேருக்குச் சொன்னாள்.

திங்கட்கிழமை டனிஸ்ரன் நூற்றுநாற்பது வாக்கால் தோற்றான். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் எத்தனை தமிழ் வாக்கு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கை ஒருவரும் வாய்விட்டுப் பார்க்கவில்லை.

ஜென்சி தாயோடு எந்த மொழியிலும் கதைப்பதை விட்டாள்; மூன்று கிழமையில் சிசிலி இறங்கிவந்தாள். யூன் மாதம் மாதா கோயிலில் தாலி ஏறியது. துவக்கு வீட்டுக்குப் பிள்ளையைக் குடுக்கமாட்டேன் என்ற சிசிலி, முன்வாங்கில் நீலப் பட்டுச் சேலையோடு இருந்து எல்லோரையும் விட அதிகமாக அழுதாள்.

யூலை முதலாம் திகதி, மொன்றியலில் பாதிச்சனம் வீடு மாறுகிற நாளில், சோடி புவாண்ட்-கிளேருக்குக் குடிபோனது. சாமான் ஏற்றிய வானைத் தெருவில் விட்டுவிட்டு, டனிஸ்ரன் மூன்று மாடியும் ஏறி வந்தான். தோளில் அந்தக் கறுப்புப் பெட்டி.

வாசலில் நின்ற சிசிலி சிலுவை அடையாளம் போட்டாள். "இதையேன் இஞ்சை கொண்டாறீர்?"

"புது அப்பார்ட்மெண்டில கராஜ் இல்லை, மாமி."

"அதுக்கு? தந்த ஆளிட்டையே திருப்பிக் குடுக்கிறதுதானே!"

"அதுக்குத்தான் வந்தனான்."

அவன் சிசிலியைத் தாண்டிப் போய், சாப்பாட்டு மேசையில் பெட்டியைப் பக்குவமாக இறக்கினான்.

"இந்தாங்கோ மாமா, உங்கடை துவக்கு. ஒக்ரோபர் செபத்துக்குத் தேவைப்படுமெல்லே."