வெற்று ஆணி

பதக்கப் பலகையின் முதல் வரிசையில் 'பிலிப்பினாஸ்' என்ற பெயரை மாட்டிவிட்டு, மச்சான் ஏணி உச்சியிலேயே நின்றுவிட்டார்.

சீனா இரண்டாவது, ஜப்பான் மூன்றாவது. அவற்றை முன்பே மாட்டியாயிற்று. மூன்று நாடுகள் சேர்ந்து முதன்முதலாக நடத்திய விளையாட்டுப் போட்டி, அதுவும் எங்கள் மணிலாவில். பெண்கள் கைக்குட்டையை வீசிக்கொண்டிருந்தார்கள்.

இனி பாக்கி ஒரு வேலைதான். ஜெயித்த நாட்டின் கொடியைப் பலகைக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டவேண்டும். மாட்டியதும் பேண்டு வாசிப்பார்கள், ஜனங்கள் தொப்பியைக் கழற்றவேண்டும்.

மச்சானிடம் கொடுத்திருந்தது அமெரிக்கக் கொடி. எங்களை ஆளும் அமெரிக்கர்கள், எங்கள் கொடியை வெளியே காட்டக்கூடாது என்று சட்டம் போட்டு ஆறு வருஷம் ஆகிறது.

மச்சான் பெயர் கிறிஸ்புலோ, என் மனைவியின் அண்ணன். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எங்கள் கொடியை ஜன்னலில் தொங்கவிட்டதற்காக, ஆறு மாதம் பிலிபித் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். இந்த வேலையை நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தேன். இன்னொரு தடவை உள்ளே போனால் அவர் மனைவியும் பிள்ளைகளும் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

மச்சானின் கை சட்டைக்குள் போனது. அங்கே மடித்து வைத்திருந்த அந்த அமெரிக்கக் கொடியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடிக்குரலில் கெஞ்சினேன்.

"மச்சான், கொடிய மாட்டிட்டு இறங்குங்க. உங்க பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க."

அவர் என்னைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஜெயிச்சது யாரு மாப்ள?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. ஏணியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

கைக்குட்டைகள் நின்றன. பேண்டு மாஸ்டர் கோலைத் தூக்கியபடி காத்திருந்தார். மைதானமே அந்த வெற்று ஆணியைப் பார்த்தது.

முதல் வரிசையில் ஒரு குதிரைவண்டிக்காரர். அவர் எழுந்து, தன் ஓலைத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அப்புறம் அந்த வரிசை. அப்புறம் எல்லோரும்.

அந்த ஆணியில் எந்தக் கொடி இருக்கவேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. என் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அப்போதுதான் மைதானத்து மேலாளரைப் பார்த்தேன். பலகைக்குப் பின்பக்கம், வாசலில் நின்றிருந்தார். அமெரிக்கர், முன்னாள் ராணுவக்காரர். ஏன் பேண்டு சத்தம் கேட்கவில்லை என்று பார்க்க வந்திருப்பார் போல. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் இருந்த இடத்திலிருந்து ஆணி தெரியாது. பலகையின் முதுகும், தொப்பியைக் கழற்றி நிற்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களும்தான் தெரியும்.

சட்டென்று விறைப்பாக நின்றார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்தபிறகு இன்னும் நிமிர்ந்து நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. குதிரைவண்டிக்காரர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். மச்சான் பெருமூச்சு விட்டு, சட்டையிலிருந்து அமெரிக்கக் கொடியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினார்.

மேலாளர் முன்பக்கம் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார். கொடி இருந்தது. பேண்டுக்காரர்கள் தாமதித்ததைச் சொல்லிக் கடிந்துகொண்டார். பிறகு என் தோளைத் தட்டினார். அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது.

இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில், ஒரு கொடிக்கு ஜனங்கள் இவ்வளவு மரியாதையாக நின்று தான் பார்த்ததே இல்லை என்றார்.

நானும் பார்த்ததில்லை ஐயா என்றேன்.