மிச்சத் தண்ணீர்

பிலோமினா வீட்டு அடுப்படியில் ஒரு பித்தளைக் குடமும், மேலே மாடத்தில் ஒரு தீர்த்தக் குப்பியும் இருந்தன. இரண்டிலும் தெருக்குழாய்த் தண்ணீர்தான். குப்பித் தண்ணீரை மாதா கோயில் சாமியார் மந்திரித்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“அது போதாதா? என் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டவே மாட்டார்கள். செடியின் தூரில்தான் ஊற்றுவார்கள்” என்று குப்பி பீற்றிக்கொள்ளும். குடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் மகனின் புதுப் படகுக்குத் தெளித்ததில் குப்பி காலியானது. அன்று மத்தியானமே, படுக்கையில் கிடந்த மாமனார் சந்தியாகுவுக்கு மூச்சு இழுத்தது. “தாயி, தீர்த்தம்…” என்றார்.

பிலோமினா ஓடி வந்து குப்பியை எடுத்தாள். பொட்டுத் தண்ணீர் இல்லை. கோயிலுக்குப் போய்வர நேரமும் இல்லை. சற்றுத் தயங்கியவள், குடத்துத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிக்கொண்டு ஓடினாள்.

“அடிப் பாவி, அது வெறும் தண்ணீர்!” என்று குடம் பதறியது. யாருக்குக் கேட்கும்?

அவள் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கிழவரின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். “போதும் தாயி” என்றார். முகம் தெளிந்தது. அந்தத் தெளிவோடேயே கண்ணை மூடினார்.

அழுது ஓய்ந்து அவள் அடுப்படிக்கு வந்தபோது குப்பியில் பாதி மிச்சமிருந்தது. தனக்குள்ளேயே திரும்ப ஊற்றிவிடுவாள் என்று குடம் காத்திருந்தது. அவள் குடத்தைப் பார்த்தாள். சாக்கடையைப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய், செம்பருத்தியின் தூரில் மெதுவாக ஊற்றினாள்.

“ஏம்ப்பா, இப்போது ஊற்றினாளே, அது உன் தண்ணீரா, என் தண்ணீரா?” என்று, மாடத்துக்குத் திரும்பிய காலிக் குப்பியைக் குடம் கேட்டது.