காய்ந்த எலுமிச்சை

"என்ன இருந்தாலும் அக்காவின்ரை கைப்பக்குவம் வராது."

டுபாயில் இருந்த ஒன்பது வருஷமும், செலீன் அரபு ஆட்டிறைச்சிச் சோறு சமைத்த போதெல்லாம் கணவன் றொபேட் சொன்னது இதைத்தான். இத்தனைக்கும் அந்த அக்கா, மச்சாள் பிலோமினா, எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்துத்தான் அவள் சாமான் வாங்கினாள்.

டொரோண்டோவுக்கு வந்தபிறகுதான் குட்டு உடைந்தது. ஸ்காபரோ அரபுக்கடையில் பக்கத்தில் நின்ற பெண், இது இல்லாமல் அந்தச் சோறா என்று சிரித்து, கறுத்துக் காய்ந்த எலுமிச்சைப் பை ஒன்றை அவள் கூடைக்குள் போட்டாள். டுபாய்க் கடைகளில் பழுதானவை என்று நினைத்து செலீன் தாண்டிப்போன அதே காய்கள்!

அடிப்பாவி மச்சாள், பட்டியலில் இதை வேண்டுமென்றே விட்டிருக்கிறாள்.

"அக்காட்டைக் கேக்கட்டோ?" என்றான் றொபேட், அன்றிரவு அந்தக் காய் போட்டுச் சமைத்த சோற்றை மூன்றாம் தரம் போட்டுச் சாப்பிட்டபடி.

"வாயைத் திறவாதேங்கோ. ஈஸ்டருக்கு நான் பாக்கிறன்."

ஈஸ்டரன்று காலையிலேயே, மிச்சக் காய்களைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, டொரோண்டோவிலேயே இருந்த மச்சாள் வீட்டுக் குசினிக்குள் நுழைந்தாள்.

மத்தியானம் மச்சாளின் புது மருமகள் நடாஷா தான் சமைத்த ஆட்டிறைச்சிச் சோற்றைப் பரிமாறினாள். ஒரு வாய் வைத்த மச்சாளின் முகம் கறுத்தது.

"உது ஆர் சொல்லித் தந்தது?"

"செலீன் அன்ரி. நீங்க எனக்குத் தந்த லிஸ்ட்டிலை ஒண்டு விடுபட்டுப் போச்சுதாம், மாமி."

மச்சாளின் மகன் நிசாந்தன் சோற்றுக் கோப்பையை வழித்தான்.

"குறை நினையாதேங்கோ அம்மா. என்ன இருந்தாலும் நடாஷாவின்ரை கைப்பக்குவம் உங்களுக்கு வராது."