ர வராத ஆட்டுக்குட்டி

சோபாவில் அருளானந்தம், பக்கத்தில் மனைவி ஜெசிந்தா, எதிர் நாற்காலியில் சேனல் அலுவலர் ரெஹானா. சுவரில் தொலைக்காட்சி, அதில் ஆட்டுக்குட்டி டிங்கி துள்ளிக்கொண்டிருந்தது.

முப்பது வருடத்துக்கு முன் அருளானந்தம் உருவாக்கிய கார்ட்டூன் அது. குரல் அவர் மகள் ஷைனியுடையது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ர வராது, ல தான் வரும். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் குரல் டிங்கியிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது. போன வாரம் சேனலின் இயந்திரம் பழைய தொடர்களின் உச்சரிப்புப் பிழைகளைத் தானாகவே திருத்தியது. மூலப் பதிவும் தப்பவில்லை. டிங்கி இப்போது 'ரயில்' என்று சுத்தமாகச் சொல்கிறது.

"திரும்ப மழலையாக்கிடலாம் சார். எந்தெந்த வார்த்தைன்னு எழுதிக் குடுங்க."

"எல்லா ரகரமும்தாம்மா."

"எல்லாமேவா? டிங்கியோட அம்மா ஆட்டை 'ராணிம்மா'ன்னு கூப்பிடறப்ப சரியாத்தானே சொல்லுவா?" என்றாள் ஜெசிந்தா.

"லாணிம்மான்னுதான்டி சொல்லுவா. உனக்குக் காது அப்பவே அப்படி."

"பெத்தவ எனக்குத் தெரியாதாக்கும்! ராணிம்மா... லாணிம்மா..."

இரண்டையும் சொல்லிப் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டுமே ஷைனி சொன்ன மாதிரிதான் இருந்தது.

அருளானந்தம் வரிசை எண் போட்டு எழுத ஆரம்பித்தார். நான்காவது வார்த்தையிலேயே பேனா நின்றுவிட்டது. தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் எழுதினார்: 'எங்களுக்கு நினைவில்லை. உங்கள் இயந்திரத்துக்குத் தோன்றியபடி போட்டுக்கொள்ளவும்.'

உறையை ஒட்டி, ஓரத்தை விரலால் இரண்டு முறை அழுத்திவிட்டு, ரெஹானாவிடம் கொடுத்தனுப்பினார்.