பாதியில் நிறுத்திய படங்கள்

"வந்துட்டாருப்பா, நாளைக்கு!"

பில் போடுற அக்கா கிசுகிசுத்ததும் டிவி பிரிவே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது.

அந்தப் பெரியவருக்குக் கடையில 'நாளைக்கு'ன்னுதான் பேர். மூணு வாரமா வர்றார். டிவியில மாட்டிப் படம் பாக்குற பெட்டி எது நல்லதுன்னு கேப்பார். எட்டு கம்பெனிப் பெட்டியையும் எறக்கி வெக்கச் சொல்வார். கடைசியில கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, தொண்டையைச் செருமி, "நாளைக்கு வர்றேன் தம்பி"ன்னு நடையைக் கட்டிடுவார்.

அந்தச் செருமலைக்கூட விடாம அப்படியே செஞ்சு காட்டுவான் ரேடியோ. இருபது வருஷமா இதே கடையில சேல்ஸ்மேன். எந்த கஸ்டமர் குரலும் அவன் தொண்டையில தயாரா இருக்கும், அதனால வந்த பேர். டீ நேரத்துல இப்பல்லாம் 'நாளைக்கு'தான் ஸ்பெஷல்.

"வாங்க சார்! இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடுவோம். இதைப் பாருங்க, வாயால சொன்னாப் போதும், படம் போடும்..."

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. பாதியில நிறுத்தின படமெல்லாம் ஒரு வரிசையா வருமே, அது இதுல வருமா?"

"எல்லாத்துலயும் வரும் சார்."

"வீட்டுல இருக்குற பெட்டி இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டு இருக்கு. மாத்தினா அந்த வரிசை அழிஞ்சுடாதே?"

"அது பெட்டிக்குள்ள இல்ல சார், உங்க கணக்குல இருக்கு. இதோட ஒன்பது தடவை சொல்லிட்டேன்."

"கண்ணால பாத்துட்டா நிம்மதி."

சட்டைப் பையிலேருந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பாஸ்வேர்ட்.

ரேடியோ கடை டிவியில அதைப் போட்டான். ரெண்டு பேர் வந்துச்சு. ஒண்ணு 'அப்பா'. இன்னொண்ணு 'வாலு'. கணக்கு விவரத்தைத் திறந்தவன் அலறிட்டான்.

"சார்! யாரோ உங்க பாஸ்வேர்டை வெச்சு ஓசியில படம் பாக்குறாங்க. வேற ஊர் காட்டுது. இருங்க, ஒரே அமுக்கு, ஆளை வெளியில தள்ளி..."

"தொடாதே!"

கடையே திரும்பிப் பாத்துச்சு.

பெரியவர் குரலை எறக்கினார். "அது என் பொண்ணு தம்பி."

"அட, நம்ம வீட்டு ஆளா? சொல்லக் கூடாதா சார்?"

"பேசி ஆறு வருஷமாச்சு. அவ கல்யாணத்துக்கு நான் போகல. இனிமே என் மூஞ்சியில முழிக்காதேன்னுட்டேன். ரோஷக்காரி, என் பொண்ணாச்சே. வீட்டுச் சாவியை மேஜை மேல விட்டெறிஞ்சுட்டுப் போயிட்டா." ரேடியோ கையில இருந்த காகிதத்தைக் காட்டினார். "இதை மட்டும் திருப்பிக் குடுக்க மறந்துட்டா."

ரேடியோ அமுக்கப் போன விரலை எடுத்துட்டான்.

"காலையில எழுந்ததும் டிவியில அவ பக்கத்துக்கு ஒரு எட்டு போவேன். புதுசா ஒரு படம் இருந்தா சரி, நல்லாத்தான் இருக்கா. எதையும் தொட மாட்டேன், சத்தம் போடாம வெளியில வந்துடுவேன். பெட்டியை மாத்தப் போயி இருக்குறதும் போயிடுச்சுன்னா? அதான் தினம் தைரியம் வராம..."

ரேடியோ மெதுவா 'வாலு'வைத் திறந்தான். வரிசை அப்படியே வந்து நின்னுச்சு.

"இருக்கு! இருக்கு!" பெரியவர் முகத்துல பத்து வயசு கொறைஞ்சுது. "பாத்தியா, ஒண்ணையும் முழுசாப் பாத்திருக்க மாட்டா. சின்னதுலேருந்தே அப்படி. நாலு வாய் சாப்பிடுவா, எந்திரிச்சு ஓடிடுவா."

ரேடியோவும் பாத்தான். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் துளியூண்டு சிவப்புக் கோடு. ஒரு நிமிஷம். அடுத்த படம், ஒரு நிமிஷம். அதுக்கடுத்ததும் ஒரு நிமிஷம்.

திரும்பவும் கணக்கு விவரத்துக்குப் போனான். படிச்சான். இன்னொரு தடவை படிச்சான்.

"சார், இவங்க அஞ்சு வருஷம் முன்னாடியே இந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கிட்டுத் தனியா சொந்தக் கணக்கு ஆரம்பிச்சுட்டாங்க. போட்டிருக்கு பாருங்க. படம் பாக்க இங்க வரவே வேண்டாம்."

"அப்புறம் எதுக்குத் தினமும்...?"

"இது யார் எப்ப உள்ள வந்தாங்கங்கிற பட்டியல். ஹால் டிவி, காலையில ஆறு மணி. அது நீங்க. ஒரு போன், சாயங்காலம் ஏழு மணி. அது அவங்க. ஒரு நாள் விடாம, ஒரே ஒரு நிமிஷம்." ரேடியோ விரல் ஒரு எடத்துல நின்னுச்சு. "போன மாசம் ரெண்டு நாள் ஹால் டிவி வரலையே?"

"கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்."

"அந்த ரெண்டு நாள்ல இவங்க பதினேழு தடவை வந்திருக்காங்க." ரேடியோ ரிமோட்டை மேஜையில வெச்சான். "இந்தப் பட்டியலை அவங்களும் பாக்கலாம் சார்."

பெரியவர் கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார். துடைச்சுக்கிட்டே இருந்தார்.

மேஜை மேல எட்டுப் பெட்டியும் அப்படியே கெடந்துச்சு. பில் போடுற அக்கா 'ஆரம்பிச்சுட்டார்டா'ன்னு ரேடியோவுக்குக் கண்ணைக் காட்டினா. அவன் பாக்கவே இல்ல.

பெரியவர் பையிலேருந்து போனை எடுத்தார். நம்பரைத் தேடல, விரலுக்கே தெரிஞ்சிருந்தது.

முதல் மணியிலயே எடுத்துட்டாங்க.

தொண்டையைச் செருமிக்கிட்டார்.

"நாளைக்கு வர்றேன்மா."