மூன்றாம் மாடி ஜன்னல்

ஜன்னலை மூடாமல் போனது ஸம்ஃபிரா அக்காதான் என்று முதலில் சொன்னவன் நான்.

எங்கள் ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை, தரை துடைப்பது அவள் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் துடைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைப்பாள். கிளம்பும்போது மூடுவாள். அந்த ஜனவரியில் எங்கள் யாஷ் ஊரே மைனஸ் பத்தொன்பது டிகிரியில் விறைத்துக் கிடந்தது. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், ஆராய்ச்சி மாணவி சோரினா அச்சில் ஊற்றிவைத்திருந்த முப்பது ஜெல் வில்லைகளும் உறைந்து, பன்றிக் கொழுப்பு மாதிரி வெளுத்துப் போயிருந்தன.

அன்று காலை முதலில் வந்தவள் ஸம்ஃபிரா அக்கா. ஜன்னல் திறந்து கிடந்தது, இப்போதுதான் மூடினேன் என்று அவளே சொன்னாள்.

பேராசிரியர் உர்சாக்கேவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். இதய ஆபரேஷன் ஆனதும் சிகரெட்டை ஒரே நாளில் விட்டவர். மனைவி முன்னால் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தாராம். அதற்குப் பிறகு நான் மொட்டைமாடிக்குப் போய்வந்தால்கூட என் சட்டையை முகர்ந்து பார்ப்பார்.

"வெள்ளிக்கிழமை நான் மூடிட்டுத்தான் போனேன் ஐயா," என்றாள் ஸம்ஃபிரா அக்கா.

"அப்ப ஜன்னல் தானா தொறந்துக்கிச்சா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். பேராசிரியர் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடுதாசி வந்தது. ஆய்வகச் சாவியை ஒப்படைக்க வேண்டும், இனி கீழ்த்தளத்தில் புட்டி கழுவ வேண்டும், இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும். அவள் சம்பளம் ஒன்றில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கெட்டுப்போன சரக்கானாலும் ஊறவைத்து எடை போட்டுக் குறித்த பிறகுதான் குப்பையில் கொட்டுவோம். அது எங்கள் வழக்கம். சோரினா மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு வில்லையைக் காயவைத்துத் தண்ணீரில் போட்டாள். ஒரு வில்லை முழுசாக ஊற எப்போதும் இரண்டு நாள் ஆகும். அவள் காபி எடுத்துவரப் போனாள். வந்து பார்த்தால் அது ஊதி நிற்கிறது. ஒன்பது நிமிஷம்.

தராசு கெட்டுவிட்டது என்று என்னைத் திட்டினாள். இன்னொன்றைப் போட்டோம். அதுவும் ஒன்பது நிமிஷம்.

விஷயம் இதுதான். உறையும்போது பனிக்கட்டி ஜெல்லுக்குள் இடம் பிடித்திருக்கிறது. உருகியதும் அந்த இடமெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்காலாக நின்றுவிட்டது. பழைய ஜெல்லில் தண்ணீர் முண்டியடித்துக்கொண்டு நுழைய வேண்டும், இதில் நேராக ஓடிவிடும். பொருள் அதேதான், உள்ளே கட்டுமானம்தான் வேறு. தீக்காயத்தில் கசியும் நீரைச் சட்டென்று குடிக்கிற கட்டுத்துணி செய்ய இப்படி ஒன்றைத்தான் நாங்கள் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஸம்ஃபிரா அக்காவைத் திரும்ப மேலே கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நாலு வருஷம் கழித்து அந்த ஜெல்லுக்காகப் பேராசிரியருக்குப் பெரிய விருது கொடுத்தார்கள். முன்வரிசையில் அவர் மனைவி, பெருமையில் கண் கலங்கி. கடைசி வரிசையில் நான். சோரினா கொடுத்த அழைப்பிதழோடு ஸம்ஃபிரா அக்காவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புட்டி கழுவிக் கழுவி அவள் விரலெல்லாம் வெடித்திருந்தது.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"அந்தச் சனிக்கிழமை நான் தனியா ஆய்வகத்துக்குப் போனேன். இதோ, இந்தக் கையாலதான் அந்த ஜன்னலைத் திறந்து வச்சேன்."

மண்டபமே கை தட்டியது. பழி என்றால் அவள் திறந்த ஜன்னல், பரிசு என்றால் இவர் திறந்த ஜன்னலா? இப்படியும் ஒரு மனுஷன் கூசாமல் பேசுவானா?

"எழுந்திரு அக்கா," என்றேன். "மேடைக்குப் போய், ஜன்னலை மூடாமப் போனது நான்தான்னு சொல்லு. நான் சாட்சிக்கு வரேன்."

"அன்னிக்கும் நீதானே சாட்சி, நெகுலாய்?"

"அதுக்காக? அவர் கூசாமப் புளுகறாரு, நீயும் சேர்ந்து கை தட்டிட்டு இருக்கே."

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"புளுகு இல்லப்பா. தொறந்தது அவர்தான். திங்கட்கிழமை காலைல நான் போனப்ப, ஜன்னல் விளிம்புல ஒரு கண்ணாடித் தட்டு நிறைய சிகரெட் துண்டு. மத்தியானம் அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டு அவர் வீட்டம்மா வருமே, பார்த்தா மனசு உடைஞ்சு போயிடுமேன்னு, நான்தான் அதைக் கொட்டிக் கழுவிக் கவுத்து வச்சேன்."